சேனநாயக்கா தங்கின பங்களா

ஜூலை 10, 2025, வியாழன் – இங்கினியாகல

மாமா மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கொழும்பு, யாழ்ப்பாணம், ஒருமுறை திருப்பதி என்று போய் வந்தவர், மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் கிடக்கிற இங்கினியாகல அணைக்கட்டை மட்டும் கண்டதில்லை. அவருடைய தகப்பனார் அந்த அணை கட்டும்போது மண் வேலைக்குப் போனவர். 'பிரதம மந்திரி தொப்பியும் பெரிய மீசையுமா கட்டில நடந்து வந்தார், பங்களாவில தங்கிட்டுப் போனார்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பிரதம மந்திரி, இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா. பிறகு 1956 இனக் கலவரம், அதன் பிறகு யுத்தம், பிறகு சோம்பல். இந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறையோடு ஒரு வெள்ளிக்கிழமையையும் சேர்த்து லீவு போட்டேன். என்னுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் மாமா, அவருடைய மடியில் ஒரு பேக், அதற்குள் பாதி மருந்து.

விடியப்புறம் கல்லடிப் பாலம் தாண்டும்போதே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கச்சான் அடிக்கிற மாதத்தில் மோட்டார் சைக்கிளில் தெற்கே போகிறவனுக்குக் கண்ணாடி வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமும் வேண்டும். மாமாவுக்கு இரண்டாவது இல்லை. கல்முனை வரைக்கும் யாருடைய வளவு எது என்று சொல்லிக்கொண்டே வந்தார். காற்று பாதியை எடுத்துக்கொண்டது.

காரைதீவுச் சந்தியில் இடியப்பமும் சொதியும் சம்பலும். ஆளுக்கு 250 ரூபா. சொதியில் மீன் தலை ஒன்று மிதந்தது, கேட்காமலே இன்னொன்றையும் போட்டார்கள். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சம்மாந்துறை வயல் வட்டை. சிறுபோகம் முற்றி, கதிர் மஞ்சளாகி, வரம்பு தெரியாத அளவுக்குச் சாய்ந்து கிடந்தது. இந்த வட்டை முழுவதும் குடிக்கிற தண்ணீர் நாங்கள் போகிற இடத்திலிருந்துதான் வருகிறது என்று மாமாவிடம் சொன்னேன். "தெரியும் மனே, நான் கச்சேரியில என்ன கிழிச்சனான் எண்டு நினைக்கிற?" என்றார்.

மல்வத்தைக்குப் பிறகு வெள்ளை உடுப்புக்காரர்களோடு பஸ் பஸ்ஸாக எதிரே வந்தது. எல்லாம் தீகவாபி விகாரைக்கு. தீகவாபியும் ஒரு வகையில் எங்கள் பயணத்தில் சேர்ந்ததுதான். காவன்திஸ்ஸ மன்னன் இளைய மகன் சத்தாதிஸ்ஸனை அங்கேதான் இருத்தினான். அண்ணன் துட்டகைமுனு அரசனான பிறகு, பயிர்ச்செய்கையைப் பார்த்துக்கொள் என்று தம்பியைத் திரும்பவும் அங்கேயே அனுப்பினான் என்று மகாவம்சம் சொல்கிறது. ஆட்சி செய்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவது நெல்லைப் பார்க்கத்தான் போல.

அம்பாறை நகரத்தில் மத்தியானம். போயா என்றபடியால் இறைச்சிக் கடை பூட்டு. சோறும் பருப்பும் பூசணிக்காயும் கங்குங் வறையும், 300 ரூபா. பரிமாறிய அம்மா மாமாவின் தட்டில் பருப்பு குறையும் போதெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்து ஊற்றிவிட்டுப் போனார். மாமாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் சாப்பிடும்போது எந்தப் பாஷையும் பேசமாட்டார்.

இங்கினியாகலவுக்குப் போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது. இனித்தான் கூத்து. சேனநாயக்கா தங்கின பங்களா எது என்று தேநீர்க் கடையில் கேட்டோம். மேட்டில் மரங்களுக்குள் ஓட்டுக்கூரை தெரிகிற ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். கொஞ்ச தூரம் போய் ஓட்டோக்காரரிடம் கேட்டால், "அது இஞ்சினியர்மாரின்ட வீடு, மந்திரி தங்கினது இது" என்று வேறு ஒன்றைக் காட்டினார். அந்த இரண்டாவது வீட்டின் கேற்றில் நின்ற காவல்காரர் இரண்டும் இல்லை என்று தலையாட்டி, குளத்தோரமாகக் கையை நீட்டினார். அங்கே போனால் ஒரு அத்திவாரமும் அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்டும். மூன்று பேரும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்கள். மாமா மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். "அப்பாவும் ஒண்டைத்தான் சொன்னார், எதெண்டு கேக்காம விட்டுட்டம்."

பின்னேரம் அணைக்கட்டில் ஏறினோம். 1949இல் தொடங்கிய வேலை. கட்டியது மொரிசன்-நட்சன் என்கிற அமெரிக்கக் கம்பனி, கட்டுவித்தது அதே ஆண்டு சட்டம் போட்டு அமைத்த கல்லோயா அபிவிருத்திச் சபை. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் மண்கட்டு. அது மறித்து நிற்கிற குளத்துக்குப் பெயர் சேனநாயக்கா சமுத்திரம், 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும். பராக்கிரம சமுத்திரத்தைப் பல மடங்கு விழுங்கும். எங்கள் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்கிற கல்லோயா ஆற்றை இரண்டு மலைகளுக்கு நடுவில் மறித்துத்தான் இவ்வளவும். கட்டில் நின்று மேற்கே பார்த்தால் தண்ணீர், தண்ணீருக்குள் தீவுகள், அதற்கப்பால் நீல மலைகள். எந்தப் பிரதமரையும் இங்கே ஒரு சாய்மனைக் கதிரையில் இருத்தினால் எழும்பமாட்டார். ஆனால் பின்னால் திரும்பிக் கிழக்கே பார்த்தால் மரத்தலைகள் மட்டும்தான். கமக்காரன் இருக்கிறது அந்தப் பக்கம்.

டி.எஸ். சேனநாயக்காவைப் பள்ளிக்கூடத்தில் காட்டு ஜோன் என்று கேலி செய்தார்களாம். படிப்பு பெரிதாக ஏறவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் எழுதுவினைஞர், பிறகு குடும்பத்துக் காரீய (கிராஃபைட்) சுரங்கம், தோட்டம். 1931இலிருந்து பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட விவசாய, காணி அமைச்சர். அந்தக் காலத்தில்தான் உலர் வலயக் காட்டுக்குள் குடியேற்றம் என்கிற யோசனை அவருக்குப் பிடித்துக்கொண்டது. 1934–35இல் மலேரியா நாட்டையே உலுக்கிய பிறகு, 1940களின் நடுவில் டிடிடி வந்து நுளம்பை அடக்கியிருக்காவிட்டால் இந்தக் காட்டுக்குள் யாரும் குடும்பத்தோடு வந்து இருந்திருக்கமாட்டார்கள். மற்றத் தலைவர்கள் ஓய்வுக்கு நுவரெலியாவின் குளிருக்கு ஏறினார்கள். இந்த மனிதனுக்குப் பிடித்தது வெக்கையும் காடும். அதில் ஒரு மரியாதை எனக்கு உண்டு.

நுவரெலியா என்றதும் மாமா நேருவின் கதையைத் தொடங்கினார். 1931 பெப்ரவரியில் தகப்பன் மோதிலால் இறந்த பிறகு, நேரு மனைவி கமலாவையும் மகள் இந்திராவையும் கூட்டிக்கொண்டு ஓய்வுக்கு இலங்கை வந்தார். நுவரெலியாவில் இரண்டு கிழமை. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மைல் கணக்கில் நடந்து வந்து காட்டுப் பூவும் மரக்கறியும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேசப் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆளை ஆள் பார்த்துச் சிரித்ததுதான் பேச்சு. வீடு நிறைந்துபோன அந்தச் சாமான்களை நேரு ஆஸ்பத்திரிக்கும் அநாதை இல்லங்களுக்கும் கொடுத்தார்; தன் சரித்திரத்தில் அவரே எழுதியிருக்கிறார். பதினேழு வருஷம் கழித்து, 1948இல், அந்த வெண்ணெயைக் கொண்டுவந்த சனத்தின் பிரஜாவுரிமையைப் பறிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது இந்தக் குளத்துக்குப் பெயர் கொடுத்த மனிதரின் அரசாங்கம். 1947 டிசம்பரில் டெல்லியில் நேருவும் சேனநாயக்காவும் இது பற்றி நேருக்கு நேர் பேசினார்கள், ஒத்துவரவில்லை.

"ரெண்டு பேரும் நல்ல மனுசர்தான்," என்றார் மாமா. நான் பதில் சொல்லவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை என்று அவருக்கும் தெரியும்.

தங்கின அறை 4,500 ரூபா, காலைச் சாப்பாடு இல்லாமல். நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அறையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. மோட்டர் பழுதாம். பொடியன் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். கோபப்பட முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி – குளத்துக்குள், பிறகு சம்மாந்துறை

அதிகாலை ஐந்தே முக்காலுக்குப் படகு. 1954இல் அறிவித்த கல்லோயா தேசியப் பூங்காவை ஜீப்பில் பார்ப்பவர்களைவிடப் படகில் பார்ப்பவர்கள்தான் கூட. படகுக்கும் துணைக்கு வந்த ஆளுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் சேர்த்து எங்கள் இருவருக்கும் 16,000 ரூபா முடிந்தது. மாமா அந்தத் தொகையைக் கேட்டதும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். அதை நான் கட்டினேன்.

படகோட்டி ஐம்பது வயதிருக்கும். சிங்களவர், ஆனால் சம்மாந்துறைத் தமிழ் பேசினார். முதல் எனக்குப் புரியவே இல்லை. குளத்து மீனை வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரிகளிடம் பழகிப் பழகி, "எலா காக்கா, இண்டைக்கு மீன் கொறவு" என்கிற சுதியில் முழுத் தமிழும் வந்துவிட்டது அவருக்கு. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எங்களையும் காக்கா என்றே கூப்பிட்டார். மாமா முதலில் முழித்து, பிறகு தானும் அவரைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்க, படகில் எல்லாரும் காக்கா.

வெயில் ஏறும் முன் குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. செத்த மரங்கள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. எழுபது வருஷத்துக்கு மேல் மூழ்கியும் உக்காத மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தீவைச் சுற்றித் திரும்பியபோது படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கையைக் காட்டினார். முதலில் தெரிந்தது ஒரு கறுத்தக் குழாய், தண்ணீருக்கு மேலே சாணளவு. பிறகு இரண்டு மேடு. யானை நீந்திக்கொண்டிருந்தது. தும்பிக்கை நுனி மட்டும் மேலே, அது மூச்சுவிடும் சத்தம் பஸ் பிரேக் மாதிரி எங்கள் வரைக்கும் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, சின்னது. அதன் தலை தாழும்போதெல்லாம் மாமா என் கையைப் பிடித்தார். தீவுக்கரையில் ஏறியதும் இரண்டும் சேற்றை உதறிவிட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லுக்குள் போய்விட்டன. தீவில் புல் முடிந்தால் அடுத்த தீவு, கோடையில் இப்படியேதான் போய் வருமாம்.

தண்ணீருக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். காடு, என்றார். காட்டுக்குள் வேடர். இந்தப் பள்ளத்தாக்கு வேடர்களுடைய வேட்டைக் காடு. தண்ணீர் ஏறியபோது இடம் பெயர்ந்தவர்களில் அவர்களும் உண்டு. ரத்துகல பக்கம் இப்போதும் இருக்கிறார்கள். அவர் தன் தகப்பன் கேகாலையிலிருந்து வந்தவர் என்றார். "எங்களுக்கு இஞ்ச வீடு குடுத்தாங்க, ஏக்கர் குடுத்தாங்க. அப்பா செத்துப் போற வரைக்கும் மந்திரித் தாத்தாட படத்தைக் கும்பிட்டவர் காக்கா." படகின் பக்கவாட்டுச் சட்டத்தில் இருந்த துருவைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

ஒன்பது மணிக்குக் கச்சான் வந்துவிட்டது. நடுக் குளத்தில் இயந்திரம் இருமி நின்றது. அலை படகைப் பக்கவாட்டில் அடிக்க, மாமா கந்தசஷ்டி கவசம் தொடங்கினார். படகோட்டி எரிபொருள் குழாயைக் கழற்றி வாயால் ஊதித் துப்பி, ஒரு பாட்டம் சிங்களத்தில் திட்டி, இழுத்தார். பிடித்துக்கொண்டது. கரையில் இறங்கியதும் மாமா அவருக்கு 500 ரூபா கொடுத்தார். வாங்க மறுத்து, பிறகு வாங்கி, எங்களுக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

அங்கிருந்து கீழே இறங்கினோம். தண்ணீர் போகிற பாதையிலேயே போவோம் என்பது மாமாவின் எண்ணம். அம்பாறைக் குளத்தோரம் யானைக்கு மின்வேலி. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனையும் சேர்த்துத் தின்று யானைகள் செத்த செய்தி வந்ததும் இந்த மாவட்டத்தில்தான். காலையில் நீந்தினதைப் பார்த்த கண்ணால் அதை நினைக்கப் பிடிக்கவில்லை.

சம்மாந்துறைக்குள் வரும்போது பன்னிரண்டேகால். வெள்ளிக்கிழமை. கடை கடையாகக் கதவு இழுபடுகிறது. ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டியை மூடிக்கொண்டிருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "ஜும்ஆவுக்குப் போறன் தம்பி. முடிஞ்சு வந்து தாறன். வெயிலுக்க அலையாம உள்ளுக்கு இரிங்க." கதவைப் பாதி இழுத்து, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர்க் குடத்தைக் காட்டிவிட்டு, பணப்பெட்டியும் மேசையில் இருக்கத்தக்கதாகவே போய்விட்டார். முன்பின் தெரியாத இரண்டு பேர். மாமா கதிரையை இழுத்து வாசலில் போட்டுக் காவல் இருந்தார். யாரோ வந்து பீடி கேட்டபோது, "முதலாளி பள்ளிக்குப் போயிட்டார், மறுகா வாங்க" என்று சொல்லியும் அனுப்பினார்.

திரும்பி வந்ததும் மாட்டிறைச்சிக் கறி, சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். மாமா மாடு சாப்பிடமாட்டார் என்றதும் உள்ளே போய் இரண்டு முட்டை பொரித்து வந்தார். இரண்டு சாப்பாட்டுக்கும் 900 ரூபா. வட்டிலப்பத்துக்குக் காசு எடுக்கவில்லை. "காவல் இருந்த கூலி" என்றார்.

ஜூலை 12, சனி – மத்திய முகாம்

நேற்றுப் பின்னேரம் வீரமுனை, சொறிக்கல்முனை வழியாக இங்கே வந்து, மாமியின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் படுக்கை. ஊர்களுக்கு இங்கே இலக்கம்தான்: 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி. இடதுகரை வாய்க்கால் இங்கினியாகலவில் புறப்பட்டு, நாற்பது கொலனிகளுக்குக் கிட்டத் தண்ணீர் கொடுத்து, கடைசியில் மெலிந்து இங்கே வருகிறது. மேலே இருந்த கொலனிகள் பெரும்பாலும் கண்டி, கேகாலைப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களுக்கு. வால்பக்கத்துக் கொலனிகள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். அணையில் நின்று பார்த்தபோது மரத்தலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த இடம் இதுதான்.

காலையில் வீட்டுக்காரர் எங்களை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு சோடாப் போத்தல் மிதந்துகொண்டே நின்றது, ஓட்டம் இல்லை. வரம்பில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை நின்றார். பிந்தி விதைத்தவர்களுக்குக் கடைசித் தண்ணீர் ஒன்று வேண்டும். மதகு திறந்தாகிவிட்டதாம், ஆனால் மேலே இருக்கிறவர்கள் குடித்து முடித்துத்தான் வர வேண்டும்.

"தொங்கலில இருக்கிறவனுக்கு எப்பவும் இதுதான் ஐயா," என்றார். ஆனால் அவரே இன்னொரு கதையும் சொன்னார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆட்களும் கொழும்பில் இருந்து கமநல ஆராய்ச்சி நிறுவன ஆட்களும் இடதுகரையில் கமக்காரரைக் குழுக் குழுவாகச் சேர்த்தார்கள். தலைப்பக்கத்துக் கமக்காரர் தாங்களாகவே மதகை இறக்கி வால்பக்கத்துக்குத் தண்ணீர் விட்டார்கள்; சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். சிங்களவர் தமிழருக்கு விட்ட தண்ணீர், யுத்தம் சூடேறிக்கொண்டிருந்த காலத்தில். "அந்த நேரம் நான் சின்னப் பொடியன். மேல இருந்து ஆக்கள் சைக்கிளில வந்து, தண்ணி வந்து சேந்ததா எண்டு பாத்திட்டுப் போவாங்க."

அரிசி ஆலைக்காரனின் லொறி வரும் நேரம். அரசாங்கம் நாடு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று 2025இல் அறிவித்திருந்தது. வாசலுக்கு வருகிற வியாபாரி ஈரம் என்று சொல்லிக் குறைத்துக் கேட்டார். பேரம் அரை மணித்தியாலம் போனது. மாமா நடுவே புகுந்து வர்த்தமானி, சுற்றறிக்கை என்று தொடங்க, வீட்டுக்காரர் அவரைத் தேத்தண்ணி குடிக்க உள்ளே அனுப்பிவிட்டார்.

மத்தியானம் குளத்து விரால் குழம்பு. விராலை உப்பும் சாம்பலும் போட்டு உரசி வழுவழுப்பை எடுத்து, கொறுக்காப்புளி நிறையப் போட்டு, தேங்காய்ப்பால் கடைசியில். வீட்டு அம்மா மண்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கரண்டி போடாமல் சட்டியையே இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். துண்டு ஒன்றுகூட உடையவில்லை. பிறகு தயிர்ச்சட்டி. கரண்டியைக் குத்தினால் நிற்கிற எருமைத் தயிர், ஒரு லீற்றர் 600 ரூபா.

சாப்பிட்ட பிறகு மாமாவும் வீட்டுக்கார அம்மாவின் தாயும் 56 பற்றிப் பேசினார்கள். 1956 ஜூன், சிங்களம் மட்டும் சட்டம் வந்த கையோடு கல்லோயாப் பள்ளத்தாக்கில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தமிழருக்கு எதிராக நடந்த முதல் இனக் கலவரம் அதுதான். சேனநாயக்கா அதைக் காணவில்லை. 1952 மார்ச்சில் காலிமுகத் திடலில் காலைச் சவாரியின்போது குதிரையிலிருந்து விழுந்து, மறுநாள் 22ஆம் தேதி இறந்துபோனார். அந்தக் கிழவிக்கு 56இல் ஏழு வயது. கரும்புக் காட்டுக்குள் தாய் வாயைப் பொத்திப் பிடித்திருந்தது ஞாபகம் என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து மாமாவிடம் நீட்டினார்.

சேனநாயக்கா பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் பிறகு கேட்டேன். "குளம் நல்ல குளம்" என்றார்.

இரவு பத்து மணிக்கு வயல் பக்கம் யானை வெடி. மூன்று, நான்கு. நாய்கள் குரைத்து ஓய்ந்தன. மாமா எழும்பாமலே, "நேத்துப் பாத்த சின்னதா?" என்று கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு – வீடு

சவளக்கடை தாண்டிக் கிட்டங்கியில் பின் சில்லுக் காற்று போய்விட்டது. மாரியில் வெள்ளம் வீதிக்கு மேலே பாய்ந்து ஊரையே துண்டித்துவிடுகிற இடம். இப்போது இரண்டு பக்கமும் தாமரையும் மாடும். ஒட்டுக் கடைப் பையன் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி இரண்டு ஓட்டை காட்டினான். 400 ரூபா. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மாமா, இந்தத் தண்ணீரும் இங்கினியாகலவில் இருந்து வடிகிறதுதானே என்று கேட்டார். அவர் மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கயிருந்து வந்தா என்ன ஐயா, மீன் வரணுமே" என்றார்.

கல்முனையில் பழக்கடையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு முன் வீடு. மாமி மூன்று பங்களாப் படத்தையும் பார்த்து, கொடியில் பெட்ஷீட் காய்கிறதுதான் வடிவாக இருக்கிறது என்றார். மாமா அடுத்தது நுவரெலியாவில் நேரு தங்கின வீட்டைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் பஸ்ஸில்தான் வருவாராம். என்னுடைய சீற்றில் இனி ஏறமாட்டாராம்.